ஷார்க் வீக் பார்த்தால் சுறாவைத் தெரிந்துகொள்ள முடியுமா?

டிஸ்கவரி சேனலில் வருடம் ஒரு வாரம் சுறாக்களைப் பற்றியே வரும் ஷார்க் வீக் நிகழ்ச்சிகளை உங்கள் பத்து வயது மகன் விடாமல் பார்க்கிறான். இப்போது கடற்கரைக்குப் போனால் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்க மறுக்கிறான். இந்த மாதிரி நிகழ்ச்சிகள் சுறாவைப் பற்றி மக்கள் மனதில் எதை விதைக்கின்றன, இவற்றைப் பார்க்க விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடியான பதில். ஆமாம், இந்த நிகழ்ச்சிகள் பயத்தைக் கூட்டுகின்றன. ஊகமாகச் சொல்லவில்லை, சோதனை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பயத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. சுறா என்றதும் "அது என்னைக் கடிக்குமா?" என்ற ஒரே கேள்விதான் நம் வாயில் வருகிறது. அந்தக் கேள்வியை நம் தலைக்குள் உட்காரவைத்தது பெரும்பாலும் டி.வி.தான். சுறாவுக்கு நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்விக்கு அது இடமே விடவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நடுவில் வரும் சில விவரங்கள் உங்கள் மகனிடம் பேசவும் உதவும்.

சுறா பயத்தை டி.வி. கண்டுபிடிக்கவில்லை. 1916 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரையோரத்தில் 12 நாட்களுக்குள் ஐந்து பேர் சுறாக்கடிக்கு ஆளாகி, நான்கு பேர் இறந்தார்கள். அதில் இரண்டு சாவு கடலில்கூட இல்லை, மாட்டவான் என்ற ஊருக்குள் ஓடும் உப்பு ஓடையில் நடந்தது. பத்திரிகைகள் நாட்டையே கலக்கின. வாஷிங்டனில் அதிபர் உட்ரோ வில்சனின் அமைச்சரவைக் கூட்டம் வரை பேச்சு போனது. மக்கள் படகெடுத்துப் போய்க் கண்ணில் பட்ட சுறாவையெல்லாம் கொன்றார்கள். அப்போது டி.வி. கிடையாது, செய்தித்தாளே போதுமாக இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் இப்படித்தான். 1950, 60களில் ஈட்டித் துப்பாக்கியோடு முக்குளிப்பவர்கள் சாம்பல் நர்ஸ் சுறாவை மனிதனைத் தின்னும் சுறா என்று நம்பிக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். பார்க்கப் பயங்கரமான பற்கள், ஆனால் மனிதரைத் தேடிப் போய்க் கடிக்கும் குணம் இல்லாத மீன் அது. கடைசியில் 1984இல் நியூ சௌத் வேல்ஸ் அரசு அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. உலகில் ஒரு சுறா இனத்துக்குக் கிடைத்த முதல் சட்டப் பாதுகாப்பு அதுதான். அதற்காகப் போராடியவர்களில் முக்கியமானவர்கள் ரான் டெய்லர், வேலரி டெய்லர் என்ற தம்பதி. இருவரும் சுறாக்களைப் படமெடுத்தே பெயர் வாங்கியவர்கள்.

அந்த டெய்லர் தம்பதிதான் 1975இல் வெளிவந்த, மனிதரைத் தின்னும் சுறாவைப் பற்றிய 'ஜாஸ்' படத்துக்கு உயிருள்ள வெள்ளைச் சுறாவைத் தெற்கு ஆஸ்திரேலியக் கடலில் படமெடுத்துக் கொடுத்தார்கள். படம் வந்தபின் மக்கள் கடலுக்குள் இறங்கவே பயந்தபோது, அந்தப் பயத்தைத் தணிக்க அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகப் பேசியதும் அவர்கள்தான். படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பீட்டர் பென்ச்லி, பிற்காலத்தில் கடல் பாதுகாப்புக்காகவே வாழ்நாளைச் செலவிட்டார். இயக்குநர் ஸ்பீல்பெர்க் 2022இல் பி.பி.சி. வானொலிப் பேட்டியில், புத்தகத்தாலும் படத்தாலும் சுறாக்கள் அழிக்கப்பட்டதை நினைத்து உண்மையிலேயே வருந்துவதாகச் சொன்னார். படைத்தவர்களே இப்படிப் பேசும் அளவுக்குத் தாக்கம் இருந்தது. ஆனாலும் ஒரு சினிமா ஒரு முறை வந்து போகிறது. டி.வி. ஒவ்வொரு வருடமும் வீட்டுக்குள் வருகிறது, அதுவும் "இது நிஜம்" என்ற முத்திரையோடு. எனக்குக் கவலை இங்கேதான்.

ஷார்க் வீக் தொடங்கியது 1988 ஜூலை 17. மக்களுக்குச் சுறாவைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதும் அப்போது சொல்லப்பட்ட நோக்கங்களில் ஒன்று. அதன்பின் ஒரு வருடம்கூட விடாமல் வருகிறது. ஆங்கிலத்தில் எடுத்ததைத் தமிழ்க் குரலில் நம் வீடுகளிலும் பார்க்கிறோம். குரல் தமிழ், பின்னணி இசையும் படத்தொகுப்பும் அப்படியே.

அந்தக் காட்சிகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை உங்கள் மகன் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும் என்று நம்புகிறேன். வெள்ளைச் சுறா வாயைப் பிளந்துகொண்டு கேமராவை நோக்கி வரும் காட்சி இருக்கிறதே, அது பெரும்பாலும் தானாக நடப்பதில்லை. முதலில் மீன் ரத்தமும் கொழுப்பும் கலந்த குழம்பைக் கடலில் ஊற்றுவார்கள். அதன் வாடை நீரோட்டத்தோடு நெடுந்தூரம் போகும். சுறா வந்ததும், பெரிய மீன் துண்டைக் கயிற்றில் கட்டி அதன் முன்னால் வீசுவார்கள். சுறா கவ்வ வரும்போது கயிற்றைச் சட்டென்று படகுப் பக்கமோ முக்குளிப்பவர் நிற்கும் கூண்டுப் பக்கமோ இழுப்பார்கள். இரையைத் துரத்தி வரும் மீன் அப்படியே கேமரா முன்னால் வாயைத் திறக்கும். இதை மெதுவாக ஓடவிட்டு, பல்லை மட்டும் பெரிதாக்கி, மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டினால் ஒரு நிமிடத்துக்கு மூச்சு விட முடியாது. அந்த ஒரு நிமிடத்துக்காகப் படக்குழு காத்திருந்த நேரமும், அந்த மீன் சும்மா சுற்றிவிட்டுப் போன தருணங்களும் தொகுப்பு மேசையிலேயே தங்கிவிடுகின்றன.

தென் ஆப்பிரிக்காவின் ஃபால்ஸ் பே வளைகுடாவில் வெள்ளைச் சுறா தண்ணீரை விட்டு முழு உடம்போடு துள்ளும் காட்சிகள் 2001 முதல் டி.வி.யில் வந்து உலகப் புகழ் பெற்றன. அது உண்மையான நடத்தைதான். கடல்நாயைப் (சீல்) பிடிக்கக் கீழிருந்து பாயும்போது அப்படித் துள்ளும். டி.வி.க்காகப் படகின் பின்னால் கடல்நாய் வடிவப் பொம்மையை இழுத்துக்கொண்டு போய் அந்தத் துள்ளலை வரவழைத்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து வியந்தவர்களில் எத்தனை பேருக்கு, கடந்த பத்து வருடத்துக்குள் அதே வளைகுடாவில் வெள்ளைச் சுறாக்கள் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டன என்று தெரியும்? கொலைத் திமிங்கலங்கள் அவற்றைக் கொன்று ஈரலைத் தின்றது ஒரு காரணம் என்கிறார்கள். மனிதர்கள் பிடிப்பதுதான் காரணம் என்று வாதிடுபவர்களும் உண்டு. விவாதம் ஓயவில்லை.

இசைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2016இல் வெளியிட்டார்கள். சுறாக்கள் அமைதியாக நீந்தும் 60 விநாடிக் காட்சி ஒன்றை எடுத்தார்கள். கடி இல்லை, ரத்தம் இல்லை. அதே காட்சியை ஒரு குழுவுக்கு மிரட்டும் இசையோடும், இன்னொரு குழுவுக்கு உற்சாகமான இசையோடும், மூன்றாவது குழுவுக்குச் சத்தமே இல்லாமலும் காட்டினார்கள். மொத்தம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். மிரட்டும் இசையோடு பார்த்தவர்கள்தான் சுறாவைப் பற்றி மோசமாக மதிப்பிட்டார்கள். சரி, இசையே மனதைக் கெடுத்திருக்கலாமே என்ற சந்தேகம் வரும். அதையும் விடவில்லை. காட்சி இல்லாமல் இசையை மட்டும் கேட்கவைத்துச் சோதித்தார்கள், அவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அதாவது படமும் இசையும் சேரும்போதுதான் அந்த எண்ணம் பிறக்கிறது. ஆவணப்படம் என்று நம்பிப் பார்ப்பவர், தன் கருத்தை இசையமைப்பாளரிடமிருந்து வாங்கிக்கொள்கிறார், அது தனக்கே தெரியாமல்.

நிகழ்ச்சி பயமுறுத்தினாலும் நடுவில் "சுறாக்களைக் காப்போம்" என்று ஒரு விளம்பரம் போட்டால் சரியாகிவிடாதா என்று சேனல்காரர்கள் சொல்வதுண்டு. இதையும் சோதித்தார்கள். இந்தியானா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஷார்க் வீக்கின் வன்முறைக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்குப் பாதுகாப்பு விளம்பரத்தையும் காட்டினார்கள். காட்சி கிளப்பிவிட்ட பயத்தை விளம்பரம் குறைக்கவில்லை. ஒரு மணி நேரம் பயமுறுத்திவிட்டு அரை நிமிடத்தில் ஆறுதல் சொன்னால் மனம் ஏற்பதில்லை.

இது ஏன் என்பதற்கு மனநூல் அறிஞர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1970களிலேயே அடிப்படை விளக்கம் கொடுத்துவிட்டார்கள். ஒன்று எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று நாம் கணக்குப் போட்டு முடிவு செய்வதில்லை. அது எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறது என்பதை வைத்தே முடிவு செய்கிறோம். சுறாக்கடி போல நினைவில் ஒட்டிக்கொள்ளும் காட்சி வேறு எதுவும் இல்லை. உண்மைக் கணக்கைப் பாருங்கள். ஃபுளோரிடா அருங்காட்சியகம் உலகெங்கும் நடக்கும் சுறாக்கடிகளைப் பதிவு செய்கிறது. மனிதர் சீண்டாமல் சுறாவாகக் கடித்தவை 2023இல் 69, 2024இல் 47. உலகம் முழுவதற்கும், ஒரு வருடத்துக்கு. இதில் பெரும்பாலானவர்கள் உயிர் பிழைத்தவர்கள். "தாக்குதல்" என்று பதிவானவற்றிலேயே காயம் இல்லாதவையும் நிறைய உண்டு. நியூ சௌத் வேல்ஸில் 1979 முதல் 2009 வரை அப்படிப் பதிவான சம்பவங்களில் 38 சதவீதத்தில் யாருக்கும் காயமே இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கிறிஸ்டோபர் நெஃப், ராபர்ட் ஹியூட்டர் கண்டார்கள். பலகையை இடித்துவிட்டுப் போனதும், அருகில் நீந்தியதும்கூடத் தாக்குதல் கணக்கில் ஏறியிருந்தது.

ஷார்க் வீக்கையே முழுதாக எடுத்து ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் அலிகெனி கல்லூரியைச் சேர்ந்த லிசா விட்னாக், சுறா ஆராய்ச்சியாளர் டேவிட் ஷிஃப்மன் ஆகியோர் அடங்கிய குழு, 32 வருடங்களில் வந்த இருநூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து 2022இல் வெளியிட்டது. உலகில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுறா இனங்கள் இருக்கின்றன. கையளவு உள்ளதும் உண்டு, கடலடியில் இருட்டில் ஒளிர்வதும் உண்டு, நூற்றாண்டுகள் உயிர் வாழும் கிரீன்லாந்துச் சுறாவும் உண்டு. ஆனால் ஷார்க் வீக்கில் திரும்பத் திரும்ப வந்தது வெள்ளைச் சுறா. அத்தனை நிகழ்ச்சிகளில், பார்ப்பவர் சுறாக்களைக் காக்கத் தன்னால் என்ன செய்ய முடியும் என்று உருப்படியாக ஏதாவது சொன்னவை ஆறே ஆறு. நிபுணர் என்று காட்டப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மை வெள்ளை இன ஆண்கள். மைக் என்ற பெயருள்ள வெள்ளை ஆண்களின் எண்ணிக்கை, மொத்தப் பெண்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தது. சுறா ஆராய்ச்சியில் இன்று பெண்கள் மிக அதிகம். திரையில் அவர்களைக் காணவில்லை. சுறாவைப் பற்றி மட்டுமா, சுறாவை யார் ஆராயலாம் என்பதைப் பற்றியும் அந்தத் திரை ஒரு எண்ணத்தை விதைக்கிறது. உங்களுக்கு மகள் இருந்தால் இதையும் யோசிக்க வேண்டும்.

மிக மோசமான கட்டம் 2013இல் வந்தது. அந்த வருடத்து ஷார்க் வீக்கின் தொடக்க நிகழ்ச்சி மெகலடான் பற்றியது. மெகலடான் என்பது பேருந்தைவிடப் பெரிய சுறா, சுமார் முப்பது லட்சம் வருடங்களுக்கு முன்பே அழிந்துபோனது. அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது போல, நடிகர்களை விஞ்ஞானிகளாக நடிக்கவைத்து, பொய்யான வீடியோக்களைத் தயாரித்து ஒளிபரப்பினார்கள். கற்பனை என்பதைக் காட்டும் குறிப்பு கடைசியில் சில விநாடிகள் வந்து போனது. சுமார் 48 லட்சம் பேர் பார்த்தார்கள். ஷார்க் வீக் வரலாற்றில் அதுவரை எதற்கும் அவ்வளவு பார்வையாளர்கள் கிடைத்ததில்லை. அடுத்த வருடம் அதற்குத் தொடர்ச்சி எடுத்தார்கள், தென் ஆப்பிரிக்கக் கடலில் ஒரு ராட்சதச் சுறா படகைக் கவிழ்த்ததாக இன்னொரு பொய்க் கதையையும் சேர்த்தார்கள். லூசியானாவில் காளைச் சுறாக்களை ஆராய்ந்த உண்மையான விஞ்ஞானி ஒருவர், தன் பேட்டியை வெட்டி ஒட்டி, தான் சொல்லாத அர்த்தத்தில் காட்டிவிட்டார்கள் என்று புகார் சொன்னார். இதற்கெல்லாம் எதிர்ப்பு கிளம்பி, 2015 தொடக்கத்தில் சேனலுக்குப் புதிதாக வந்த தலைவர் ரிச் ராஸ் இனி இந்த மாதிரிப் போலி நிகழ்ச்சிகள் வராது என்று அறிவித்தார். பார்வையாளர்கள் கோபப்பட்டால் சேனல் கேட்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் அந்தப் பொய் இன்னும் சாகவில்லை. "மெகலடான் உயிரோடு இருக்கிறதா?" என்று சுறா ஆராய்ச்சியாளர்களிடம் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் கேட்கிறார்கள். உங்கள் மகனும் கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

இந்த எண்ணங்கள் மனதோடு நின்றால் பரவாயில்லை. அவை அரசு முடிவுகளாகவும் மாறுகின்றன. நான் மேலே சொன்ன நெஃப், மேற்கு ஆஸ்திரேலிய அரசியல்வாதிகளின் பேச்சுகளை ஆராய்ந்து, சினிமாவின் தர்க்கம் அப்படியே கொள்கைக்குள் புகுந்திருப்பதைக் காட்டினார். சுறா வேண்டுமென்றே மனிதனைக் கடிக்கிறது, கடித்தால் சாவு நிச்சயம், அந்தச் சுறாவைக் கொன்றால்தான் பிரச்சினை தீரும் என்பதே அந்தத் தர்க்கம். 2014 தொடக்கத்தில் அந்த மாநில அரசு, சில வருடங்களில் நடந்த தொடர் மரணங்களுக்குப் பதில் நடவடிக்கையாக, கடலில் மிதவையோடு பெரிய தூண்டில்களைப் போட்டுச் சுறாக்களைப் பிடித்துக் கொல்லும் திட்டம் கொண்டுவந்தது. சில மாதங்களில் 172 சுறாக்கள் மாட்டின. அவற்றில் பெரும்பாலானவை புலிச் சுறாக்கள். எந்த வெள்ளைச் சுறாவுக்காகத் திட்டம் போட்டார்களோ, அது ஒன்றுகூட மாட்டவில்லை. 68 சுறாக்கள் செத்ததுதான் மிச்சம். பெர்த் நகரக் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தார்கள். அந்த வருடமே மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்த எதிர்ப்பை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஜாஸ் பார்த்து வளர்ந்த அதே மக்கள்தான் அவர்களும். பயம் இருந்தாலும் கொல்லச் சொல்லாத மக்கள் இருக்கிறார்கள்.

இனி, டி.வி. காட்டாமல் விடுவது. 2013இல் கடல் உயிரியலாளர் போரிஸ் வோர்ம் குழுவின் மதிப்பீட்டின்படி மனிதர்கள் ஒரு வருடத்தில் கொல்லும் சுறாக்கள் ஏறத்தாழ 10 கோடி. 2024இல் அவர்களே இன்னும் விரிவான தரவோடு செய்த ஆய்வில், மீன்பிடியில் சாகும் சுறாக்கள் 2012இல் குறைந்தது 7.6 கோடி, 2017இல் 8 கோடி என்று வந்தது. கணக்கிடும் முறைகள் வேறு, ஆனால் துடுப்பை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் எறிவதைத் தடுக்கும் சட்டங்கள் பெருகிய பிறகும் சாவு குறையவில்லை என்பதுதான் அதிர்ச்சி. திறந்த பெருங்கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 1970லிருந்து 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021இல் வந்த ஆய்வு சொல்கிறது. சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன. காரணம் அளவுக்கு மீறிய மீன்பிடி. சுறா மெதுவாக வளரும், பல இனங்கள் பருவம் அடையவே பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும், சில குட்டிகளே போடும். மத்தி மீன் போலப் பிடித்த இடத்தை அடுத்த வருடமே நிரப்ப அதனால் முடியாது. இந்த முழுக் கதையும், வருடத்துக்கு ஐம்பது அறுபது கடிகளின் பின்னால் மறைந்துபோகிறது.

செய்தித்தாள்களிலும் இதே நிலைதான். அமெரிக்க, ஆஸ்திரேலியப் பத்திரிகைக் கட்டுரைகளை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். பாதிக்கும் மேல் சுறாக்கடி பற்றியவை, பாதுகாப்பு பற்றி எழுதியவை பத்தில் ஒன்று அளவுதான்.

இவ்வளவு சொன்னபிறகு டி.வி.யே கெட்டது என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். படம் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. குஜராத்தின் வேராவல் கடற்கரையில் 1990களின் கடைசியில் திமிங்கலச் சுறாக்களை நூற்றுக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தார்கள். உலகின் மிகப் பெரிய மீன் அது, மிதவை உயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டித் தின்னும் சாது. ஈரல் எண்ணெயை மரப்படகுகளுக்குப் பூசினார்கள், இறைச்சி வெளிநாட்டுக்குப் போனது. தூர்தர்ஷனில் சுற்றுச்சூழல் நிகழ்ச்சிகள் நடத்திவந்த மைக் பாண்டே இதைப் படமெடுத்தார். 2000இல் வெளிவந்த அந்தப் படம், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடக்கும் வைல்டுஸ்க்ரீன் வனவிலங்குப் பட விழாவில் விருது பெற்றது. அதில் மிரட்டும் பல் கிடையாது. உயிர் போகாத பிரம்மாண்டமான மீனைக் கரையில் வெட்டும் காட்சிதான். 2001 மே மாதம் மத்திய அரசு திமிங்கலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு முதன்முறையாக ஒரு மீனுக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் அது ஏறியது.

ஆனால் சட்டம் வந்தவுடன் மீனவர் மனம் மாறிவிடவில்லை. அதற்கு வேறு வேலை தேவைப்பட்டது. 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் குஜராத் வனத்துறையும் சேர்ந்து ஒரு பிரச்சாரம் தொடங்கின. ராமகதை சொல்லும் மொராரி பாபு கடலோர ஊர்களில் பேசினார். இந்த மீன் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், அவளைக் கொல்லலாமா என்று கேட்டார். அங்கே அதை 'வாலி', அதாவது அன்புக்குரியவள், என்று அழைக்க ஆரம்பித்தார்கள். தெருநாடகம் போட்டார்கள், நிஜ அளவில் காற்றடைத்த பொம்மையை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வலையில் மாட்டிய சுறாவை விடுவிக்க வலையை அறுத்தால் அரசு இழப்பீடு கொடுத்தது. பிற்பாடு மீனவர்கள் கையிலேயே கேமரா கொடுத்து, விடுவிப்பதை அவர்களே படமெடுத்துக் காட்டி இழப்பீடு வாங்கும் ஏற்பாடும் வந்தது. இதுவரை நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் இப்படிக் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. என் கருத்தில் இந்தக் கதையின் சாரம் இதுதான்: அந்தப் படம் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களைத் தொட்டது, பிரச்சாரம் வலை இழுப்பவர்களைத் தொட்டது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நடந்திருக்காது.

சீனாவிலும் கிட்டத்தட்ட இதே போல ஒன்று நடந்தது. கூடைப்பந்து வீரர் யாவ் மிங் 2006 முதல் சுறாத் துடுப்பு சூப்புக்கு எதிராக விளம்பரங்களில் தோன்றினார். சீன அரசுத் தொலைக்காட்சியில் அவை நாடு முழுவதும் வந்தன. 2013 இறுதியில் அரசு விருந்துகளில் துடுப்பு சூப் தடை செய்யப்பட்டது. ஆடம்பரச் செலவைக் குறைக்கும் அரசியல் முடிவும் அதற்குப் பின்னால் இருந்தது, எல்லாப் புகழையும் விளம்பரத்துக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் அந்த விளம்பரம் "இது உன்னைக் கடிக்கும்" என்று பேசவில்லை, "உன் கிண்ணத்தில் இருப்பது என்ன" என்று பேசியது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்மவர்களைத் தொடுகிறது. திமிங்கலச் சுறாவுக்குப் பாதுகாப்பு கிடைத்த அதே 2001இல், ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் பிடிக்கத் தடை போட்டது. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து மீனவர்கள் தலைமுறையாக ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். அவர்கள் பிழைப்பே ஒரு நாளில் குற்றமானது. மீனவர்கள் எதிர்த்தார்கள். டிசம்பரில் தடை பத்து இனங்களோடு சுருக்கப்பட்டது. பெரும்பாலான சுறா நிகழ்ச்சிகளில் மீனவன் முகமில்லாத கொலைகாரனாகத்தான் வருகிறான். எந்த மீன் குறைந்துவிட்டது, எந்தக் கடலில், எந்த மாதத்தில் என்பது அவனுக்கு எவரையும்விட நன்றாகத் தெரியும். அவனைக் கேமரா முன் உட்காரவைத்துக் கேட்காத ஆவணப்படம் பாதிப் படம்தான்.

சமீப வருடங்களில் டிரோன் படங்கள் நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. தெற்குக் கலிபோர்னியாவில் லாங் பீச் பல்கலைக்கழகத்தின் சுறா ஆய்வகம் இரண்டு வருடம் கடற்கரைகளின் மேல் டிரோன் பறக்கவிட்டது. இளம் வெள்ளைச் சுறாக்கள் கூடும் இடங்களில், பார்த்த நாட்களில் 97 சதவீத நாட்கள் சுறாவும் மனிதர்களும் அருகருகே இருந்தார்கள். கடியும் கூடவில்லை. அலைச்சறுக்குபவரின் பலகைக்குக் கீழே வெள்ளைச் சுறா தன் பாட்டுக்குப் போகிறது, அவருக்குத் தெரியவே தெரியாது. இரை வீசாமல், இசை போடாமல், மேலே இருந்து சும்மா பார்த்தால் தெரிவது இதுதான்.

ஷார்க் வீக் பார்த்து வளர்ந்து, அதனாலேயே சுறா ஆராய்ச்சிக்கு வந்ததாகச் சொல்லும் விஞ்ஞானிகள் பலர். சில குழுக்களுக்கு ஆய்வுப் பணமும் படகும் அந்தச் சேனல் வழியாகவே கிடைத்தன. அதனால் உங்கள் மகனின் ஆர்வத்தை வெட்டிவிடாதீர்கள். பார்க்கட்டும், நீங்களும் கூட உட்காருங்கள். பயங்கரமான கட்டம் வரும்போது ஒலியை அணைத்துவிட்டு அதே காட்சியை மறுபடி பாருங்கள். கயிறு தெரிகிறதா, இரை தெரிகிறதா என்று தேடச் சொல்லுங்கள். பேசுபவர் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த ஆய்வகத்தில் வேலை செய்கிறார் என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து வயதுப் பையனுக்கு அது நல்ல விளையாட்டு.

அப்புறம், அவனை ஒரு நாள் விடியற்காலையில் மீன் இறங்குதளத்துக்குக் கூட்டிப்போங்கள். காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி, எது பக்கமோ அது. அங்கே கிடக்கும் சுறாக்களில் பலவும் அவன் கையளவும் முழ அளவுமாக இருக்கும். நம் வீட்டில் புட்டு செய்யும் பால் சுறாவே பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவுதான். கொம்பன் சுறாக் குட்டிகளையும் பார்க்கலாம், இன்னும் பருவம் அடையாதவை. இவை ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன, பெரியவை எங்கே என்று அவன் ஏலம் போடும் அண்ணனிடமோ, வலை சரிசெய்யும் தாத்தாவிடமோ கேட்கட்டும். கடலில் குளிப்பது பற்றி: டி.வி.யில் பார்க்கும் வெள்ளைச் சுறாவுக்கு வீடு தென் ஆப்பிரிக்கா, தெற்கு ஆஸ்திரேலியா, கலிபோர்னியா மாதிரியான குளிர்ந்த கடல்கள். நம் கரையில் ஒவ்வொரு வருடமும் உயிர் வாங்குவது உள்ளிழுக்கும் நீரோட்டமும் அலையும். முழங்காலுக்கு மேல் இறங்குவதற்கு முன் அதைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.